மாமன் காட்டிய கப்பல்: பேராக் தோட்டப் பாடல்களின் இருள்

மலாயாத் தோட்டப்புறப் பாடல்களில் மிக இருண்டவை எவை என்று கேட்டால், பெரும்பாலோர் சாவைப் பாடுகிற பாடல்களைத்தான் காட்டுவார்கள். காய்ச்சலில் போனவர், பாம்பு தீண்டிப் போனவர், கடல் தாண்டி வந்து திரும்பாமலே போனவர் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால் சாவு எல்லா நாட்டுப்புறப் பாடல் மரபுகளிலும் இருக்கிறது. தஞ்சை வயலிலும் கோவைக் கரட்டிலும் பாடிய பெண்கள் அதைப் பாடாமல் விட்டதில்லை. தோட்டத்துக்கென்றே உரிய இருளைத் தேடினால் வேறோர் இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரத் துரையை வசைபாடும் பாடலில் சினம் இருக்கும், சில சமயம் சிரிப்புகூட இருக்கும். ஏமாற்றியவன் தன் ஊர்க்காரன், தன் சாதிக்காரன், முறை சொல்லிக் கூப்பிட வேண்டிய உறவுக்காரன் என்று தெரிந்த பின்பு பாடப்படும் பாடலில் அந்தச் சினத்துக்குப் போக்கிடம் இல்லை. தோட்டப் பாடல்களின் ஆழ்ந்த இருள் அங்கேதான் படிந்திருக்கிறது என்பதும், அது தாலாட்டு, ஒப்பாரி என்ற இரண்டு வீட்டு வடிவங்களுக்குள் ஒதுங்கியது தற்செயலாக நடந்ததன்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பேராக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. மலாயா ரப்பரின் தொடக்கத்தைச் சொல்பவர்கள் அதைக் காட்டாமல் விடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறியபோது சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சுங்காய், சிலிம் ரிவர் என்று மாநிலம் நெடுகக் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம் சீனத் தொழிலாளரை ஈர்த்து ஈப்போவை நகரமாக்கியது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் தமிழர்களைக் கேட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரிக்கப்பட்டார்கள். பாடல்களில் வரும் கப்பல் அலங்காரத்துக்காக வரும் கப்பல் இல்லை. அதில் ஏற்றிவிட்டவன் யார் என்ற கேள்வி அதன் கூடவே வருகிறது.

ஏற்றிவிட்டவன் கங்காணி. 1910-இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்ட பின்பு ஆள் சேர்க்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் அவன் கையில் விழுந்தது. தோட்ட நிர்வாகம் கொடுத்த உரிமச் சீட்டோடு அவன் தன் சொந்தக் கிராமத்துக்கே போவான். புது வேட்டி, கையில் மோதிரம், பையில் வெள்ளிப் பணம். அவன் யாரிடம் பேசுவான்? அக்காள் மகனிடம், பங்காளியிடம், ஒரே சேரியிலோ ஒரே தெருவிலோ கூட வளர்ந்தவர்களிடம். கடனை அடைத்துத் தருவான், கலியாணச் செலவுக்கு முன்பணம் தருவான், மரத்தில் பணம் காய்க்கிறது என்பான். கொண்டுவந்த ஆளுக்குத் தலைக்கு ஒரு கழிவு. அதற்குமேல், அந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் சில்லறைக் காசாகத் தலைக்காசு. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு அன்றைய காசு போயிற்று. ஆள் வேறு தோட்டத்துக்கு ஓடினால் கொடுத்த கடனும் போயிற்று. ஆகவே விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஆட்களை எழுப்பி நிறுத்துவதில் துரையைவிட அவனுக்கே அவசரம் அதிகம். உறவு என்ற கயிற்றால் கட்டி இழுத்துவந்தவன், அதே கயிற்றால் வேலைக்கும் இழுக்கிறான். எந்த வெள்ளைக்கார நிர்வாகியும் இவ்வளவு மலிவான காவலாளியைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்க முடியாது.

இப்போது தாலாட்டைப் பார்ப்போம். தமிழ்த் தாலாட்டின் உலகத்தில் நடுநாயகமாக இருப்பவன் தாய்மாமன். குழந்தை அழுதால் அடித்தது யார் என்று கேட்பதும், அத்தை அடித்தாளா மாமன் அடித்தானா என்று செல்லமாக விசாரிப்பதும், மாமன் கொண்டுவரும் வெள்ளிக் கிலுகிலுப்பையையும் பட்டுத் துணியையும் வரிசையாக அடுக்குவதும் மரபு. அந்தப் பட்டியலால் ஒரு பெண் தன் பிறந்த வீட்டின் பெருமையைக் கணவன் வீட்டாரின் காதில் போட்டுவைக்கிறாள். பாட்டு குழந்தைக்கு, செய்தி வீட்டாருக்கு. தொழிலாளர் வரிசை வீடுகளான தோட்ட லயத்தில் இந்த ஏற்பாடு சிதறுகிறது. பிறந்த வீடு கடலுக்கு அப்பால். சீர் கொண்டுவர மாமன் வரப்போவதில்லை. அல்லது, இதுதான் கொடுமை, மாமன் முறையுள்ளவன் பக்கத்திலேயே இருக்கிறான். அவன்தான் கங்காணி, அல்லது கங்காணியின் ஆள். பாடலின் வாய்பாடு மாமனைக் கேட்கிறது. பாடுகிறவளின் வாழ்க்கை அந்த இடத்தில் வேறொருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கொடுத்தவற்றை அடுக்க வேண்டிய பட்டியல் பறித்தவற்றை அடுக்கத் தொடங்குகிறது. அதிகாலையில் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, உளியும் வாளியுமாகத் தீம்பாருக்கு, அதாவது ரப்பர்க் காட்டுக்கு, போகும் தாய்க்குப் பாடக் கிடைத்த நேரமே குறைவு. பகலெல்லாம் பாடியவள் மரம் சீவும் வயது கடந்த ஆயா. அவள் பாடியது தன் பிள்ளைக்கு இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கு அவள் பாடியபோது தாலாட்டு ஒரு தாயின் தனித்துயராக இருப்பதை விட்டு, ஒரு லயத்தின் கூட்டு நினைவாக மாறியிருக்கும் என்று கொள்வதில் பிழையில்லை.

ஒப்பாரி இன்னும் வெளிப்படையான வடிவம். இறந்தவரைப் பொன்னென்றும் தேரென்றும் புகழ்வது அதன் ஒரு பாதிதான். மறுபாதியில், உயிரோடு இருப்பவர்கள் மீதான குறை வரும்: நோயில் பார்க்க வராத கொழுந்தன், சொத்தைப் பிடுங்கிய அண்ணன், வாசலில் நிறுத்திய அண்ணி. தமிழகத்தில் இதை ஆராய்ந்த மார்கரெட் டிராவிக், இசபெல் கிளார்க்-டெசெஸ் இருவருமே, அழுகின்ற பெண் இறந்தவரை முன்னிட்டுத் தன் வாழ்வைத்தான் பாடுகிறாள் என்பதை வெவ்வேறு வகையில் காட்டியிருக்கிறார்கள். கிளார்க்-டெசெஸ் 2005-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளுடையது. இந்த வடிவத்துக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு போன்ற தன்மை இருக்கிறது. பிணத்தின் முன் ஒப்பாரி வைக்கும் பெண்ணை எந்த ஆணும் இடைமறிக்க முடியாது; சொன்னதற்காக மறுநாள் பஞ்சாயத்துக்கு இழுக்கவும் முடியாது. தோட்டத்தில் சாவு விழுந்தால் கங்காணி வந்தே தீர வேண்டும், ஏனென்றால் அவன் தலைவன் மட்டுமல்லாமல் உறவுக்காரனும்கூட. வந்தவன் காது கொடுத்து நின்றாக வேண்டும். வருடம் முழுவதும் பெரட்டில் அவன் பேச, அவள் கேட்கிறாள். சாவு வீட்டில் ஒருநாள் அவள் பேச, அவன் கேட்கிறான்.

இதற்கு எதிராக முதலில் எழும் மறுப்பு எளிதானது: தாலாட்டும் ஒப்பாரியும் தாய்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய சரக்கு, தோட்டத்துக்கென்று இவற்றில் புதிதாக என்ன இருக்கிறது? சரக்கு பழையதுதான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இரா. தண்டாயுதம் முதலியோர் திரட்டிய மலேசிய நாட்டுப்புறப் பாடல்களையும், நா. வானமாமலையின் தமிழகத் தொகுப்புகளையும் அருகருகே வைத்தால் உவமைகளும் அடுக்குகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பது தெரியும். கொங்கு நாட்டிலிருந்து மலாயா வந்த குடும்பத்தின் கதையை ‘நாடு விட்டு நாடு’ என்று எழுதிய முத்தம்மாள் பழனிசாமி, ‘நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்’ என்ற நூலில் சேர்த்துவைத்தவற்றிலும் கொங்கு மண்ணின் வாசனைதான் தூக்கலாக இருக்கிறது. ஆனால் மரபு என்பது பாடுகிறவளுக்குக் கையில் கிடைத்த அச்சு. அந்த அச்சில் எதை வார்த்தாள் என்பதுதான் கேள்வி. வழக்கில் உள்ள பாடல் ஒன்று இப்படிப் போகிறது: பால்மரம் வெட்டலாம் என்று நம்பிப் பழைய கப்பலில் ஏறி வந்தேன், நாற்பத்தைந்து காசைக் கொடுத்து முதுகெலும்பை முறித்துவிட்டான். அமைப்பில் இது எந்தத் தமிழ்க் கிராமத்துப் பாட்டாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? 1920களின் இறுதியில் முக்கிய ரப்பர் மாவட்டங்களுக்கு அரசு வரையறுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தில் அது சரிந்து, மோசமான காலத்தில் ஆணின் கூலியே 30 காசுக்குக் கீழே போயிற்று. 1930களின் தொடக்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாட்டில் வரும் காசு அரசு ஏடுகளில் உள்ள தொகைகளின் வரம்புக்குள்தான் விழுகிறது. பழைய அச்சில் வார்த்தது தோட்டத்துக் கணக்கு.

அந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. முறித்தவன் யார்? பாட்டு சொல்லவில்லை. ‘ஆன்’ விகுதியோடு ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான். துரையாக இருக்கலாம், கணக்கெழுதும் கிராணியாக இருக்கலாம், வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கலாம். ஆனால் கப்பல் ஏற்றிவந்த சேதியை முன்னே வைத்துவிட்டு முறித்தவனைப் பின்னே சொல்வதால், கேட்கிறவர் மனத்தில் முதலில் எழும் முகம் கப்பலைக் காட்டியவனின் முகமாகத்தான் இருக்கும். பெயர் சொல்லாமல் பெயரைச் சொல்லிவிடும் இந்த உத்தி, பக்கத்து லயத்தில் இருப்பவனைப் பற்றிப் பாடுகிறவர்களுக்குத் தேவைப்படும் உத்தி. தொலைவில் பங்களாவில் இருக்கிறவனுக்கு இவ்வளவு மறைப்பு தேவையில்லை. அவனுக்குத் தமிழ்ப் பாட்டு எந்த அளவுக்குப் புரியும்?

இரண்டாவது மறுப்பு கனமானது. கங்காணியைப் பழிப்பதே ஒரு ஏமாற்றம் என்று வாதிடலாம். அவனும் ஒரு கூலிக்காரன், கொஞ்சம் மேலே வந்தவன். லாபம் லண்டன் பங்குதாரருக்குப் போயிற்று. விலையை நிர்ணயித்தது உலகச் சந்தை. உண்மைச் சுரண்டல்காரனை விட்டுவிட்டு எட்டுகிற தூரத்தில் இருந்தவனை அடித்ததுதானே இந்தப் பாடல்களின் அரசியல்? இதற்கு ஆதாரமாக இலங்கை மலையகத்தையும் காட்டலாம். சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்த அந்த மரபில், ஒரே ஒரு காப்பிப் பழம் தவறியதற்காகச் சின்னத்துரை உதைத்ததைச் சொல்லும் பாட்டு மிகவும் புகழ்பெற்றது. அங்கே குற்றவாளி வெள்ளையனே, மறைப்பே இல்லை. உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தால் அதில் ஓர் எக்களிப்பு தெரியும். ஒரு பழம், ஒரு உதை என்ற பொருத்தமின்மையில் துரை சிறுத்துப்போகிறான். பாடுகிறவன் அவனைவிட உயர்ந்து நிற்கிறான். சினப் பாட்டு அது. இருண்ட பாட்டு என்று சொல்ல மாட்டேன். அந்நியன் உதைத்தால் உதையோடு போயிற்று. உறவினன் உதைத்தால் உறவே விசாரணைக்கு வந்துவிடுகிறது.

கங்காணிமீது வைத்த பழி அறியாமையால் வந்ததா என்பதைத் தொழிலாளர்கள் வாய் திறந்து பேசிய ஒரு தருணத்தை வைத்தே சோதிக்கலாம். அது பேராக்கில் நடந்ததன்று, சிலாங்கூரில். ஆனால் தோட்ட அமைப்பு ஒன்றுதான். 1941-இல் தொழிற்சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, சீனத் தொழிலாளருக்குச் சமமான ஊதியம் இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தக் கோரியதும் இருந்தது. அவற்றோடு, தொழிலாளர் வீட்டுப் பெண்களை ஐரோப்பியரும் ‘கறுப்பு ஐரோப்பியரும்’ தொந்தரவு செய்வதை நிறுத்த வேண்டும் என்றும், கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். வெள்ளையனையும் தங்கள் நிறத்தவனையும் ஒரே வரியில் நிறுத்திய மக்கள் அமைப்பைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று சொல்ல முடியுமா? பெண்கள்மீதான அத்துமீறல் என்ற ஒன்று வேலைநிறுத்தத்தில் பொதுக் கோரிக்கையாக ஏறுவதற்கு முன்பு, அதைச் சொல்ல எந்த இடம் இருந்தது? கணவனிடம் சொன்னால் கொலை விழும், கங்காணியிடம் சொல்ல முடியாது, துரையிடம் போக மொழி இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் மட்டுமே அதைத் தாங்கக்கூடிய வடிவங்களாக இருந்தன. கோரிக்கைப் பட்டியலும் பாடல்களும் ஒரே குற்றச்சாட்டைச் சொல்கின்றன. முன்னது ஆண்களின் குரலில் வெளியே வந்தது, பின்னது பெண்களின் குரலில் உள்ளே சுழன்றது. பாரதி பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டான். அவன் விட்ட கண்ணீர் மெய்யானது. ஆனால் அது கரையில் நின்று கேட்ட விம்மல். கூட்டிப் போனவனின் முறைப்பெயர் என்ன என்பது உள்ளே இருந்தவளுக்குத்தான் தெரியும்.

உலகில் வேறு இடங்களிலும் இதே வகை இருள் உண்டு. லண்டனில் 1982-இல் தொடங்கிய தி போக்ஸ் குழுவில் ஷேன் மெக்கோவன் எழுதிய பாடல்கள், அயர்லாந்துக் கிராமியப் பாட்டையும் பங்க் இசையின் கரகரப்பையும் சேர்த்தவை. புலம்பெயர்ந்த ஐரிஷ்காரனின் குடி, தனிமை, நகரத் தெருவில் வரும் சாவு என்பவை அவற்றின் கரு. அந்தப் பாடல்களுக்குப் பின்னணியாக இருந்த கட்டுமான உலகத்தில், ஐரிஷ் கூலிகளை ஓட்டி வேலை வாங்கிய ‘கேங்கர்’கள் பலரும் ஐரிஷ்காரர்களே. ஏறக்குறைய கங்காணியின் இனம். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். மெக்கோவனுக்குப் பெயர் இருந்தது, பாடலுக்குக் கையெழுத்து இருந்தது. 2023-இல் அவர் இறந்தபோது டப்ளின் தெருக்களில் மக்கள் திரண்டார்கள். தோட்டத்துப் பாட்டுக்கு ஆசிரியை இல்லை. இல்லாதது அவளுக்குப் பாதுகாப்பு. யார் கட்டியது என்று தெரிந்தால் மறுநாள் அவளுக்கு மோசமான மர நிரை கிடைக்கும், அல்லது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே அரைநாள் மட்டும் விழும். பெயரில்லாமை நாட்டுப்பாடலின் இயல்பு என்று பாடநூல்கள் சொல்லும். இங்கே அதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது.

ஜப்பானியர் காலம் இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை. 1942-க்கும் 1943-க்கும் இடையில் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீள ரயில்பாதையைப் போட ஜப்பானிய ராணுவம் ஆட்களைப் பிடித்தபோது மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர். போனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் காலராவிலும் பட்டினியிலும் புண்ணிலும் மடிந்தார்கள். அதைவிடக் கூடுதலாகச் சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலாக எழுதியது இந்தக் கதையைத்தான். துரைமார்கள் ஓடிவிட்டார்கள் அல்லது முகாமில் அடைபட்டார்கள். தோட்டத்தில் யார் யார் போக வேண்டும் என்ற பட்டியல், பழகிய தமிழ்க் கைகளின் உதவியோடுதான் பல இடங்களில் தயாரானது. கிராணியும் மண்டோரும் கங்காணியும் ஒவ்வொரு லயத்திலும் எத்தனை ஆண்கள் என்று அறிந்தவர்கள். அவர்களும் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள்தான். எல்லோரையும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஆனால் கணவன் திரும்பாத பெண்ணுக்கு, பட்டியலில் பெயரைச் சேர்த்த கை தெரிந்த கை.

இங்கே ஒப்பாரியின் வடிவமே ஒரு முட்டுச்சந்துக்கு வருகிறது. ஒப்பாரிக்குப் பிணம் வேண்டும். பிணம் கிடத்திய வாசல் வேண்டும், கட்டிப்பிடித்து அழக் கூடிய பெண்கள் வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவன் வந்து நிற்க வேண்டும். சயாமில் செத்தவனுக்குப் பிணமும் இல்லை, நாளும் இல்லை. போனவன் செத்தானா, யாரையாவது கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டானா என்றுகூடத் தெரியாமல் எத்தனையோ பெண்கள் தாலியைக் கழற்றவும் முடியாமல் இருந்தார்கள். சாவு உறுதியாகாத இடத்தில் ஒப்பாரி தொடங்க முடியாது, தொடங்கினால் அபசகுனம். போருக்குப் பிந்திய தோட்டப் பாடல்களில் சயாம் ஒப்பீட்டளவில் குறைவாகக் கேட்பதை மறதி என்று சிலர் விளக்கக்கூடும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. குற்றம் சாட்ட வேண்டிய நேரத்தில், அதற்கென்றே இருந்த மேடை கைக்குக் கிடைக்கவில்லை. மிக இருண்ட பாடல், பாடப்படாமல் போன அந்தப் பாடலாக இருக்கலாம்.

போர் முடிந்தபின் பேச வேறு வழிகள் திறந்தன. 1946-க்கும் 1948-க்கும் இடையில் தோட்டங்களில் சங்கங்கள் வளர்ந்தன, வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலச் சட்டம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சங்கமே பேசத் தொடங்கியபோது பாட்டு ஓரளவு ஓய்ந்திருக்கும், சங்கத்தின் வாயை அடைத்தபோது பாட்டு திரும்ப வீட்டுக்குள் போயிருக்கும் என்பது ஊகம்தான். ஆனால் இந்தப் பாடல்களை எதிர்ப்பு என்று கொண்டாடுகிறவர்களுக்கு இதை நினைவூட்டத் தோன்றுகிறது. தாலாட்டு எந்தக் கூலியையும் உயர்த்தவில்லை. கங்காணி முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒப்பாரியும் அன்று. பயண உதவியோடு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தபோதுதான் அது முறிந்தது. பாடல்களின் பயன் வேறு. எந்தக் கோப்பிலும் ஏறாத ஒரு குற்றச்சாட்டை அவை பல்லாண்டு உயிரோடு வைத்திருந்தன.

தோட்டம் இன்று அந்த வடிவில் இல்லை. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளரின் பங்குத் தொகையைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதில் குடியுரிமை இல்லாத பலர் தாயகம் திரும்ப நேர்ந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போன இடங்களில் வீடுகள் வந்தன. லயத்து மக்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் சுங்கை சிப்புட்டின் மலிவு விலை வீடுகளுக்கும் சிதறினார்கள். இப்போது அங்கே சாவு வீட்டில் முதலில் கேட்பது உறுமி மேளம். ஈப்போவின் கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் காவடிக்கு முழங்கும் அதே கருவிகள்தான். இளைஞர்களின் உறுமிக் குழுக்களில் உள்ள வேகத்தையும் கரகரப்பையும் பார்த்து, இதுதான் நம் பங்க் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மேளத்தின் ஓசைக்குள் ஒரு பெண் தனிக்குரலில் யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஒப்பாரி இருந்த இடத்தைத் தாளம் எடுத்துக்கொண்டது. ஒப்பாரி செய்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழகத்தில் அந்த வேலையின் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்த ஒரு பாட்டு உண்டு. 2021-இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையும் ஒப்பாரியின் குரலையும் கொண்டுவந்தார். கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். மூதாதையர், மரம், விதை, நிலம் என்று விரியும் அந்தப் பாட்டு எனக்குப் பெரிதும் பிடித்த ஒன்று. ஆனால் அது யாரையும் கிட்டத்தில் வைத்துச் சுட்டுவதில்லை. உலகமே சேர்ந்து பாடத்தக்க பாட்டாக இருப்பதற்கு அது கொடுத்த விலை அதுவாக இருக்கலாம். 2022-இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டு, உரிமை யாருக்கு என்ற சர்ச்சை எழுந்தது. ஆசிரியர் பெயரே ஆபத்தாக இருந்த ஒரு மரபு, ஆசிரியர் பெயருக்காக வழக்காடும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கடைசியாக, தொகுப்புகளின் மீது வைக்க வேண்டிய ஐயம். அச்சில் வந்த மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், படித்தவர்கள். அவர்கள் துயரத்தை மிகைப்படுத்தினார்கள், வேடிக்கைப் பாட்டுகளை ஒதுக்கினார்கள், ஆகவே இருள் என்பதே தொகுப்பாளரின் தேர்வு என்று ஒருவர் சொல்லக்கூடும். எதிர்ப்பக்கம்தான் உண்மைக்கு அருகில் என்று நினைக்கிறேன். ஆபாசம் என்று விடப்பட்டவை, சாதிப் பெயர் வருவதால் விடப்பட்டவை, ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டுவதால் விடப்பட்டவை, இவையே இருண்டவையாக இருந்திருக்கும். இடுப்புக்குக் கீழே அடிக்கும் வசையில்லாமல் எந்தத் தோட்டத்து நகைப்பும் இல்லை. கங்காணியின் இரவு நடமாட்டத்தைப் பற்றிய பாட்டை ஒரு பெண் ஆண் தொகுப்பாளரிடம் பாடிக் காட்டியிருக்கவும் மாட்டாள். இதற்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கங்காணி வழியினரும் அவன் கூட்டிவந்தவர்களின் வழியினரும் ஒரே சாதி, ஒரே ஊர் என்பதால் இரண்டு மூன்று தலைமுறைகளில் சம்பந்திகளாகியிருக்கிறார்கள். பாட்டியின் ஒப்பாரியில் வந்த பெயர் பேத்தியின் மாமனார் வீட்டுப் பெயராக இருக்கலாம். பாட்டு நினைவில் இருக்கும்போதே அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பாடிக்கொடுப்பதற்கு அதைவிட வலுவான காரணம் தேவையில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர் கேட்க வேண்டியது முழுப் பாட்டையன்று, விடப்பட்ட அந்த வரியைத்தான். அதையும் வீட்டில் மருமகள்கள் இல்லாத நேரத்தில்.